கரடி நாட்டுக்கு எந்த ரிவால்வர்? காலிபர் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளின் பழைய சரக்கு அலமாரியில் .500 மேக்னம் ரிவால்வர்கள் புதுக்கருக்கு அழியாமல் கிடப்பதைப் பார்க்கலாம். கூடவே ஒரு 20 தோட்டா பெட்டி இருக்கும், அதில் நாலைந்துதான் குறைந்திருக்கும். கரடிக்குப் பயந்து கடையில் இருப்பதிலேயே பெரியதை வாங்கியவர், நாலு தடவை சுட்டதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கொடுத்துவிட்ட கதை அது. எதிர்மாறான தவறும் உண்டு. நகரத்தில் தற்காப்புக்கு வைத்திருந்த .38ஐ அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு மொன்டானா மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் உங்கள் கைக்கும் நீங்கள் போகும் காட்டுக்கும் பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. அலாஸ்கா, மொன்டானா, வயோமிங், ஐடஹோ போன்ற கரடி நாடுகளை மனதில் வைத்து எழுதியது. தோட்டாப் பெட்டிகளில் குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும்தான் அச்சிடுகிறார்கள் என்பதால் இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம். 15.4 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு கிராம். காலிபர் என்பது குண்டின் விட்டம், .357, .44 எல்லாம் ஏறக்குறைய இன்ச்சில் சொன்ன அளவு. மேக்னம் என்றால் வலுக்கூட்டிய தோட்டா. தோட்டா என்று சொல்லும்போது பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருளையும், குண்டு என்று சொல்லும்போது குழலிலிருந்து பறந்து போகிற பகுதியை மட்டும் குறிக்கிறோம்.

படி 1: எந்த விலங்கு என்று முடிவு செய்யுங்கள்

"காட்டு விலங்கு" என்று பொதுவாக யோசித்தால் தேர்வு தப்பும். கலிபோர்னியாவில் கிரிஸ்லி கரடி (பழுப்புக் கரடியின் உள்நாட்டு வகை) அழிந்து சுமார் நூறு ஆண்டு ஆகிவிட்டது. அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருப்பது கறுப்புக் கரடி. அதற்குத் தேவை உங்கள் உணவுப் பை. அதைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்டி வைத்தால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. அங்கே நடப்பதற்கு ரிவால்வர் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

மலைச் சிங்கம் 50, 60 கிலோ எடையுள்ள, எலும்பு மெலிந்த விலங்கு. .38 ஸ்பெஷலே அதற்குப் போதும். கறுப்புக் கரடி பெரிய ஆணாக இருந்தால் 200 கிலோவைத் தாண்டும். ராக்கி மலைகளின் உள்நாட்டுக் கிரிஸ்லி ஆண் பெரும்பாலும் 180 முதல் 350 கிலோவுக்குள் இருக்கும். அலாஸ்காக் கடலோரத்தில், குறிப்பாகக் கோடியாக் தீவில், சால்மன் மீன் தின்று வளர்ந்த பழுப்புக் கரடி 600 கிலோவைத் தொடலாம். மூஸை, அதாவது அங்குள்ள பெரிய மானை, மறந்துவிடாதீர்கள். அலாஸ்காவில் கரடியைவிட மூஸிடம் அடிபடுகிறவர்கள் அதிகம். ஆனால் மூஸ் விரட்டினால் பெரிய மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிவதே முதல் வழி. கரடியிடம் ஓடக் கூடாது, மூஸிடம் ஓடலாம்.

கரடி ஸ்பிரே (கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் டப்பா) இல்லாமல் ரிவால்வரை மட்டும் நம்பிப் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பிரே அடித்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். 2012இல் அதே குழு துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்தபோது கைத்துப்பாக்கி 84 சதவீதச் சம்பவங்களில் பலித்திருந்தது. நீளத் துப்பாக்கி 76. இந்த எண்களை நேருக்கு நேர் வைத்துச் சண்டை போடுவது வீண். ஸ்பிரே சம்பவங்களில் வெறும் ஆர்வத்தில் நெருங்கிய கரடிகளும் அடக்கம், துப்பாக்கிச் சம்பவங்களில் மூர்க்கமானவை அதிகம். எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஸ்பிரேக்குக் குறி தேவையில்லை, பதற்றத்திலும் வேலை செய்யும். எதிர்காற்று, அடைமழை, கூடாரத்துக்குள் படுத்திருக்கும் நிலை, இவற்றில் அது கைவிடும். ரிவால்வரின் இடம் அங்கே.

படி 2: சட்டத்தைத் துப்பாக்கிக்கு முன்னால் பாருங்கள்

தமிழ் வாசகர்களில் பலர் அமெரிக்காவில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறோம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுக்கும் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். விதிவிலக்குகள் சிலவற்றில் சாதாரண ஆளுக்கு எட்டக்கூடியது, மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

கைத்துப்பாக்கியை டீலரிடமிருந்து நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். எனவே "அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம்" என்ற திட்டம் வெளி மாநிலத்தவருக்கு நடக்காது. விமானத்தில் கொண்டுபோகத் தோட்டாவை முழுதாக இறக்கி, கெட்டியான பெட்டியில் பூட்டி, செக்-இன் கவுண்டரில் அறிவித்துவிட்டுப் போட வேண்டும். தோட்டாவுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்களின் வரம்பு 5 கிலோ. வேடிக்கை என்னவென்றால், ரிவால்வர் விமானத்தில் ஏறும், கரடி ஸ்பிரே எந்தப் பையிலும் ஏறாது. அதைப் போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டும். காரில் கனடா வழியாக அலாஸ்கா போகிறவர்கள் கைத்துப்பாக்கியோடு எல்லையைத் தாண்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் துப்பாக்கி வைத்திருக்கலாம். பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. வைத்திருக்கத்தான் அனுமதி, சுட அல்ல. யெல்லோஸ்டோனில் குறி பார்த்துப் பழகினால் வழக்கு நிச்சயம்.

இந்தியக் காடுகளுக்கு இந்த வழிகாட்டி எந்த விதத்திலும் உதவாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். உரிமம் பெற்றவர்களிடம் இருக்கிற .32 ரிவால்வரால் யானையையோ காட்டெருமையையோ நிறுத்தவும் முடியாது.

படி 3: குண்டு முதலில், காலிபர் அப்புறம்

இங்கேதான் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். .357ஆ .44ஆ என்று மாதக்கணக்கில் வாதம் நடக்கும், கடைசியில் கடையில் கைக்கு வந்த ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி விட்ட குண்டு) பெட்டியை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். தவறான குண்டு போட்ட .44ஐவிடச் சரியான குண்டு போட்ட .357 கரடிக்குள் ஆழமாகப் போகும்.

காரணம் எளிது. ரைஃபிள் குண்டு விநாடிக்கு 2,500 அடிக்கு மேல் பறந்து, சுற்றியுள்ள சதையையும் கிழித்து நாசமாக்குகிறது. ரிவால்வர் குண்டின் வேகம் அதில் பாதிதான். அது துளைத்துப் போகும் பாதை மட்டுமே காயம். மூளையையோ தண்டுவடத்தையோ அது தொட்டால்தான் பாய்கிற விலங்கு அந்த இடத்திலேயே விழும். இதயத்தில் பட்டாலும் கரடிக்கு இன்னும் பல விநாடி ஓடத் தெம்பிருக்கும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகிற வழியில் ஈர மயிர், தடித்த தோல், கொழுப்பு, இறுகிய தசை, மண்டை அல்லது தோள் எலும்பு. ஹாலோ பாயின்ட் குண்டு மனித உடலுக்காகச் செய்தது. பட்டதும் மலர்ந்து, 30, 40 செ.மீ. ஆழத்தில் நின்றுவிட வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. கரடியின் தோளிலேயே அது மலர்ந்துவிட்டால் உள்ளே எதையும் தொடாது.

வேண்டியது மலராத, உடையாத, நேராகப் போகிற குண்டு. இரண்டு வகை நம்பலாம்.

ஹார்ட் காஸ்ட் என்பது ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்துக் கடினமாக வார்த்தது. மூக்கு கூராக இருக்கக் கூடாது. தட்டையாக, குண்டின் அகலத்தில் முக்கால் பங்குக்காவது இருக்க வேண்டும். கூர் மூக்கும் உருண்டை மூக்கும் எலும்பில் சாய்வாகப் பட்டால் வழுக்கித் திசை மாறும். தட்டை மூக்கு கடித்துப் பிடித்து நேராகப் போகும், துளையும் பெரிதாக விழும். அதற்காகக் கலவை கண்ணாடிபோல் கடினமாக இருந்தாலும் ஆகாது, எலும்பில் மோதி நொறுங்கும். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவில் 15 முதல் 22 வரை பொருத்தம். அடியில் சின்னச் செம்புத் தொப்பி பொருத்திய குண்டு கிடைத்தால் அதையே எடுங்கள், குழலில் ஈயம் ஒட்டுவது குறையும். பஃபலோ போர், அண்டர்வுட் ஆகிய நிறுவனங்கள் இந்த வகைத் தோட்டாக்களைச் செய்கின்றன. எச்எஸ்எம் "பேர் லோட்" என்ற பெயரிலேயே விற்கிறது.

இரண்டாவது, முழுக்கச் செம்பாலோ பித்தளையாலோ கடைந்த குண்டு. உடையவே உடையாது, எடை குறைவென்பதால் உதையும் (சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு அடிப்பது) சற்றுக் குறைவு, விலைதான் கடிக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆற்றல் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் வேகம் இருமடிப் பெருக்கமாக வருவதால், இலேசான வேகக் குண்டு எப்போதும் அதிகமாகக் காட்டும். ஆழத்துக்கு உதவுவது அதே விட்டத்தில் கனமான, நீளமான குண்டு. .357இல் 180 கிரெய்ன், .44இல் 255 முதல் 305 வரை, .45இல் 255 முதல் 325 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காலிபர்களை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

.357 மேக்னம் 1935இல் வந்தது. 180 கிரெய்ன் ஹார்ட் காஸ்ட், 4 இன்ச் குழலில் சுமார் 1,300 அடி வேகம். கறுப்புக் கரடிக்கும் மலைச் சிங்கத்துக்கும் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. கிரிஸ்லிக்கு இது கீழ் எல்லை, ஆனால் எல்லைக்கு உள்ளேதான். .38 ஸ்பெஷல் தோட்டாவையே போட்டு மலிவாகப் பழகலாம் என்பது பெரிய வசதி. கை சிறியவர், மணிக்கட்டில் பழைய காயம் உள்ளவர், வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ரேஞ்சுக்குப் போக முடிகிறவர் இதிலேயே நின்றுவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016இல் அலாஸ்காவின் அனுபவ வழிகாட்டி ஒருவர் பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை வெறும் 9 மி.மீ. பிஸ்டலால் வீழ்த்தினார். போட்டிருந்தது ஹார்ட் காஸ்ட் குண்டு. 9 மி.மீ. போதும் என்பதற்கு அது சான்றல்ல. குண்டும் கையும் சரியாக இருந்தால் காலிபர் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குச் சான்று.

.41 மேக்னம் 1964இல் வந்த நல்ல காலிபர். சின்ன ஊர்க் கடையில் தோட்டா கிடைக்காது. ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும்.

.44 மேக்னம்தான் நடு மையம். துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் ஆண்டுக்கணக்கில் நச்சரித்ததன் பலனாக 1950களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் கொண்டுவந்தது. 300 கிரெய்ன் குண்டு 1,200 அடி வேகத்தில் கிரிஸ்லியின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போகும். அலாஸ்காவில் மளிகையும் தூண்டிலும் சேர்த்து விற்கும் கடையில்கூடத் தோட்டா கிடைக்கும். பழகுவதற்கு, இதிலேயே போடக்கூடிய மென்மையான .44 ஸ்பெஷல் இருக்கிறது. இன்னொரு சூட்சுமம்: இதன் உச்ச அளவுத் தோட்டாவைப் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. 255 கிரெய்ன் ஹார்ட் காஸ்டை 1,000 அடி வேகத்துக்குக் குறைத்துச் செய்த தோட்டாவே கரடியின் உடலை ஆழமாகத் துளைக்கும், உதையோ பாதிக்கு இறங்கிவிடும். இரண்டாவது குண்டு சீக்கிரம் குறிக்குத் திரும்பும். முழு அளவு .44 தாங்கவில்லை என்பவர் .357க்கு இறங்குவதற்கு முன்னால் இதைச் சுட்டுப் பார்க்க வேண்டும்.

.45 கோல்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. 1873இல் பிறந்த தோட்டா அது, கூட்டுக்குள் எழும் அழுத்தத்துக்கு அதன் தர அளவு 14,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) மட்டுமே. ஆனால் அதே கூட்டில் 30,000 பிஎஸ்ஐ வரை ஏற்றிய கனரகத் தோட்டாக்களையும் விற்கிறார்கள். ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் ரிவால்வரில் பெரிய சட்டம் (ஃபிரேம்) உள்ளதும் ரெட்ஹாக்கும் அதைத் தாங்கும். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் வகைகளிலும் அவற்றின் நகல்களிலும் அதைப் போட்டால் சிலிண்டர் (தோட்டா நிரப்பும் உருளை) வெடிக்கலாம். பெட்டியின் ஓரத்திலுள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் போடாதீர்கள். சரியான துப்பாக்கியில் இது .44க்குச் சமம்.

.454 கசூல், 65,000 பிஎஸ்ஐ. கடலோரப் பழுப்புக் கரடிக்கு நடுவே வேலை செய்கிற வழிகாட்டிகளுக்கு நியாயமான தேர்வு. .45 கோல்ட்டையும் இதில் சுடலாம். முழு அளவுத் தோட்டாவின் உதை .44ஐப்போல் தள்ளாது, சுரீரென்று அறையும். மாதாமாதம் சுடாதவர் கையில் இதன் இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

.480 ரூகர், .460, .500 மூன்றுக்கும் ஒரே பதில். வேட்டைக்கு வாங்குங்கள், தற்காப்புக்கு வேண்டாம். 4 இன்ச் .500 காலியாகவே 1.6 கிலோ. மூன்றாம் நாள் அது மார்பு உறையிலிருந்து முதுகுப் பைக்குள் போய்விடும்.

10 மி.மீ. ரிவால்வர்களும் வருகின்றன. கிரீன்லாந்தின் சிரியஸ் ரோந்துப் படை வைத்திருப்பது 10 மி.மீ. க்ளாக்தான், ஆனால் அது பிஸ்டல். அதிகத் தோட்டாவும் வேகமான மறு நிரப்பலும் பிஸ்டலின் பலம். ரிவால்வரில் அந்தப் பலம் போய்விடுகிறது. தோட்டாவைப் பிடிக்கும் மெல்லிய வட்டத் தகடு வளைந்தால் சிலிண்டர் சுற்றவும் செய்யாது.

படி 5: எடையும் குழலும்

உதையைத் தீர்மானிப்பதில் காலிபருக்கு இணையான பங்கு துப்பாக்கியின் எடைக்கு. ஒரே தோட்டாவுக்கு, எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரட்டிக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, 4 இன்ச் குழலோடு சுமார் 1.18 கிலோ. அதே .44இல் அவர்களுடைய 329பிடி, ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டத்தில் சுமார் 710 கிராம். இரண்டாவதில் உதை ஒன்றரை மடங்குக்கும் மேல். தூக்க இலேசு, சுடக் கொடுமை. அதற்குள் போடுவதாக இருந்தால் முந்தைய படியில் சொன்ன குறைத்த தோட்டாவைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

.357க்கு 1 கிலோ அளவும், .44க்கு 1.1 முதல் 1.3 கிலோவும், .454க்கு 1.25க்குக் குறையாமலும் இருக்கட்டும். ரூகர் ஜிபி100, ரெட்ஹாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, 629 எல்லாம் ஏறக்குறைய இந்த வரம்புக்குள் வரும்.

குழல் 4 இன்ச். 6 இன்ச் உருவும்போது தட்டும். இரண்டரை இன்ச் குழலில் வேகம் குறைவதோடு வாய்ச்சுடர் கண்ணைக் கூசவைக்கும். பெட்டியிலுள்ள வேகம் பெரும்பாலும் இதைவிட நீளமான குழலில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பிடிக்கு ரப்பர்; பளபளக்கும் மரப்பிடி ஈரக் கையில் சுழலும். முன் குறிமுனையில் ஆரஞ்சு வண்ணம் தடவுங்கள், கரடியின் கறுத்த மயிருக்கு முன்னால் கறுப்புக் குறிமுனை காணாமல் போகும். டபுள் ஆக்‌ஷன் (ட்ரிக்கரை இழுத்தாலே சுத்தி தானே பின்னே போய் அடிப்பது) இல்லாத ரிவால்வர் வேண்டாம். கட்டை விரலால் சுத்தியை ஒவ்வொரு தடவையும் பின்னுக்கு இழுக்க, கீழே விழுந்து கிடப்பவருக்குக் கை ஒழியாது.

படி 6: தட்டுச் சோதனை

வாங்குவதற்கு முன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் இதைச் செய்யுங்கள். காலிபர் முடிவாகும் இடம் இதுதான்.

20 செ.மீ. காகிதத் தட்டை 7 மீட்டரில் மாட்டுங்கள். காட்டில் போடப்போகிற அதே எடைத் தோட்டாவை ஏற்றுங்கள். துப்பாக்கியை 45 பாகை கீழே பிடித்தபடி நின்று, சைகை கிடைத்ததும் டபுள் ஆக்‌ஷனில் ஐந்து குண்டு. எல்லாம் 5 விநாடிக்குள். குறைந்தது நாலு குண்டு தட்டில் பட வேண்டும். ஐந்து தடவை செய்து நாலு தடவை தேறினால் அந்தக் காலிபர் உங்களுடையது. தேறவில்லை என்றால் முதலில் தோட்டாவைக் குறையுங்கள், அடுத்துத் துப்பாக்கியின் எடையைக் கூட்டுங்கள், அதன் பிறகுதான் காலிபரை இறக்குங்கள்.

5 விநாடி தாராளமாகத் தெரியலாம். கரடி மணிக்கு 55 கி.மீ. ஓடும், அதாவது விநாடிக்கு 15 மீட்டர். 30 மீட்டரில் புதரை விட்டு வெளியே வந்தால் உங்களுக்கு 2 விநாடி.

குண்டுகள் எல்லாம் தட்டுக்குக் கீழே விழுந்தால் உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே தாழ்கிறது என்று பொருள். சிலிண்டரில் மூன்று தோட்டாவும் மூன்று காலிக் கூடும் கலந்து, சுழற்றி மூடிச் சுடுங்கள். காலிக் கூட்டில் சுத்தி விழும்போது குழல் வாய் குனிந்தால் பிடிபட்டது. சுடும்போதெல்லாம் காதில் இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். மேக்னத்தின் வெடிச் சத்தமே பயத்தில் பாதி.

படி 7: தோட்டா நகர்கிறதா என்று பாருங்கள்

ரிவால்வர் சிக்கவே சிக்காது என்பது பாதி உண்மை. கனமான தோட்டாவோடு சேரும்போது அதற்கென்றே ஒரு கோளாறு உண்டு. சுட்டதும் துப்பாக்கி வெடுக்கென்று பின்னுக்குப் போகும், சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடும் கூடவே போகும். கூட்டின் வாயில் செருகிய குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கூட்டின் வாயை இறுக்கி மடித்திருப்பதுதான் அதைப் பிடித்துவைக்கிறது. மடிப்பு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு உதைக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, சிலிண்டரின் முகத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். குண்டு சட்டத்தில் இடித்ததும் சிலிண்டர் சுற்றாது. ட்ரிக்கரை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை, தட்டி எடுத்துச் சரிசெய்யவும் நேரமிருக்காது. துப்பாக்கி இலேசாக இருந்தால், குண்டு கனமாக இருந்தால் இந்த ஆபத்து கூடும்.

சோதிக்க ஒரு வெர்னியர் அளவுகோல் போதும். ஒரு தோட்டாவின் அடியில் மார்க்கரால் கோடு போட்டு, மொத்த நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கடைசியாக வரும்படி ஏற்றி, மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் அந்தத் தோட்டாவை அந்தத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தாதீர்கள். இன்னொரு நிறுவனத்தின் அதே எடைத் தோட்டா தேறலாம். தேறிய பெட்டியிலும், உதை வாங்கிய தோட்டாவைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சிக்கல் வரும் வேறு இரண்டு இடங்கள்: காலிக் கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் தங்கினால் சிலிண்டர் இறுகும், பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். .38இலோ .44 ஸ்பெஷலிலோ நிறையப் பழகினால் அறைக்குள் கரி வளையம் படிந்து, நீளமான மேக்னம் தோட்டா முழுதாக இறங்காது. பயிற்சி முடிந்ததும் வெண்கல பிரஷ்ஷால் ஒவ்வொரு அறையையும் தேய்த்து, காட்டுத் தோட்டா தானாக விழுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 8: மார்பில் மாட்டுங்கள்

முதுகுப் பையின் இடுப்புப் பட்டை, இடுப்பு ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) மூடிவிடும். பைக்குள் வைத்தது இல்லாததற்குச் சமம். அலாஸ்கா மீன்பிடி வழிகாட்டிகள் மார்பு ஹோல்ஸ்டர் மாட்டுவது இதனால்தான். பை மாட்டினாலும் கழற்றினாலும், ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றாலும் கை போகிற இடம் மாறாது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சித் துப்பாக்கியைத் துருப்பிடிக்கவைக்கும், நீண்ட பயணத்துக்குப் பிளாஸ்டிக் வார்ப்பு உறை மேல். ட்ரிக்கர் முழுதும் மூடியிருக்க வேண்டும். ஸ்பிரேயை இடது இடுப்பில் வைத்து, இடது கையால் உருவப் பழகுங்கள். உருவும்போது உங்கள் இடது கையைக் குழல் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதே மார்பு ஹோல்ஸ்டரின் முக்கியப் பயிற்சி. வெறும் துப்பாக்கியோடு வீட்டில் 200 தடவை உருவிவிட்டுப் பிறகு ரேஞ்சுக்குப் போங்கள்.

படி 9: எப்போது, எங்கே சுடுவது

கரடியின் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை மிரட்டல். வந்து நின்று, தரையை அறைந்து, திரும்பிவிடும். எனவே 18 மீட்டருக்குள் வந்ததும் ஸ்பிரே. மேகத்தைத் தாண்டியும் வந்தால் குண்டு. எச்சரிக்கைச் சூடு என்று வானத்தில் ஒன்றை வீணாக்காதீர்கள், இருப்பதே ஐந்தோ ஆறோ.

நேரே வருகிற கரடியின் நெற்றி உச்சியைக் குறிவைப்பது பழைய தவறு. மண்டை பின்னோக்கிச் சரிந்திருக்கும், மூளை அதற்குக் கீழே, கண்களுக்குப் பின்னால். கண்களுக்கு நடுவில், மூக்கின் மேல்பகுதியைப் பாருங்கள். தலை மேலும் கீழும் ஆடும். தவறிக் கீழே போகிற குண்டு கழுத்திலும் மார்பிலும் போய்த் தண்டுவடத்தைத் தேடட்டும். பக்கவாட்டில் என்றால் தோள் எலும்பு. அது நிற்கும்வரை சுடுங்கள். ஆள் மேல் விழுந்துவிட்டால் குழலைக் கரடியின் உடலோடு அழுத்தியே சுடலாம். அழுத்தினால் பிஸ்டலின் மேல்பாகம் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. நண்பர் மேல் கரடி விழுந்திருந்தால், ஆழமாகத் துளைக்கும் குண்டு மறுபக்கம் வெளியேறி அவரையும் தொடும் என்பதை மறக்காமல் கோணம் மாறிப் போய்ச் சுடுங்கள்.

பழகுவதற்கு, பழைய டயருக்குள் அட்டையை மாட்டி, நீளக் கயிற்றால் ஒருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்திலிருந்து இழுக்க, உருண்டு வரும் இலக்கைச் சுடலாம். தனியார் திறந்தவெளி ரேஞ்சுகளில் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். ஒரு நாளைக்குக் கனத் தோட்டா 20க்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் பழகுவது பயத்தை மட்டுமே.

படி 10: சுட்ட பிறகு

உடனே அருகில் போகாதீர்கள். மீதித் தோட்டாவை நிரப்பிக்கொண்டு, குட்டியோ இன்னொரு கரடியோ இருக்கிறதா என்று பார்த்து, வந்த வழியே விலகுங்கள். அடிபட்டு ஓடிய கரடியைத் தேடிப் போக வேண்டாம், அதை அதிகாரிகளிடம் விடுங்கள்.

அலாஸ்காவில் உயிரையோ உடைமையையோ காக்கக் கரடியைக் கொன்றால் மீன், வேட்டைத் துறைக்கு உடனே தகவல் சொல்லி, நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் எடுத்து ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்து அறிக்கை கொடுக்க வேண்டும். உரிக்கத் தெரியாது என்பது சாக்காகாது, ஒரு நல்ல கத்தியும் கனமான பையும் கூட வைத்திருங்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான கீழ் 48 மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் கூட்டாட்சிப் பாதுகாப்பில் இருக்கிறது. தற்காப்புக்காகக் கொன்றாலும் 5 நாளுக்குள் கூட்டாட்சி வன உயிரினத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உடலை நகர்த்தாதீர்கள், காலிக் கூடுகளைப் பொறுக்காதீர்கள், கரடி வந்த தடத்தையும் நீங்கள் நின்ற இடத்தையும் படம் எடுங்கள். அலாஸ்காவுக்கு வெளியே தோலிலோ நகத்திலோ கை வைத்தால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.